ஒரு கிரவுண்டில் எத்தனை வீடு?

சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் என்று தாம்பரத்தின் எந்த உள்தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு பழைய தனி வீடு இடிபட்டுக்கொண்டிருக்கும். கேட்டில் பில்டரின் பேனர். சில மாதங்களில் அங்கே கார் நிறுத்த ஸ்டில்ட், அதன்மேல் மூன்று நான்கு மாடி. பெரும்பாலும் பணம் கைமாறுவதில்லை, மனைக்காரருக்கு இத்தனை ஃப்ளாட், பில்டருக்கு இத்தனை என்று பங்கு பிரிக்கும் 'ஜேவி' ஒப்பந்தம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சி பெருமளவு இப்படித்தான், ஒவ்வொரு கிரவுண்டாக, நெருக்கமாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் குறைந்த விலை வீடு பற்றிய நமது விதிகள் இந்தத் தெருக்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

முதலில் கணக்கு. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. அதில் மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பதைச் சொல்வது தளப்பரப்புக் குறியீடு, அதாவது எல்லோரும் சொல்லும் எஃப்எஸ்ஐ. சாதாரணக் கட்டடங்களுக்கு அது 1.5 ஆக இருந்தது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2 ஆக உயர்த்தின. 3,600 சதுர அடி கட்ட முடிந்த இடத்தில் இப்போது 4,800. அகலமான சாலை என்றால், வழிகாட்டி மதிப்பை வைத்து ஒரு கட்டணம் கட்டிக் கூடுதலாகவும் வாங்கலாம். அதற்குப் பெயர் பிரீமியம் எஃப்எஸ்ஐ.

எஃப்எஸ்ஐ கட்டடத்தின் பருமனைச் சொல்லுமே தவிர, வீடுகளின் எண்ணிக்கையைச் சொல்லாது. அதே 4,800 சதுர அடியில் 1,200 சதுர அடி வீடுகள் நான்கு கட்டலாம். 600 சதுர அடி வீடுகள் எட்டும் கட்டலாம். தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே உயரம், ஒரே நிழல். வாங்குகிறவருக்குத்தான் வித்தியாசம். மனை ஒன்றரைக் கோடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடு என்றால், ஒரு செங்கல் வைக்கும் முன்பே வீட்டுக்கு 37.5 லட்சம் நிலத்துக்குப் போய்விடும். எட்டு என்றால் 18.75 லட்சம். பத்திரத்தில் யூடிஎஸ் என்று எழுதுகிறார்களே, பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதன் விலை இது.

எஃப்எஸ்ஐயை ஏற்றினாலே வீட்டு விலை இறங்கிவிடும் என்று கட்டுமானத் துறையினர் அடிக்கடி சொல்வார்கள். பாதிதான் உண்மை. கூடுதலாகக் கட்டலாம் என்ற செய்தி வந்ததும் மனைக்காரர் தன் பங்கை உயர்த்திக் கேட்பார், கேட்கத்தான் செய்வார். லாபத்தில் ஒரு பகுதி நிலத்தின் விலைக்குள்ளேயே போய் அடங்கிவிடும். மீதியைப் பில்டர் எதில் போடுவார்? எளிதில் விற்கும் இரண்டு, மூன்று படுக்கையறை வீட்டில். சின்ன வீட்டுக்கு மத்திய அரசு ஒரு சலுகை வைத்திருக்கிறது: சென்னை போன்ற பெருநகரங்களில் கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள், விலை 45 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம் அல்ல, 1 சதவீதம். ஆனால் வீடுகள் கூடக்கூடக் குளியலறை, சமையலறை, பிளம்பிங் எல்லாம் கூடும். எட்டுக் குடும்பத்துக்கு ஸ்டில்ட்டில் எட்டு காரை நிறுத்தவும் முடியாது.

ஏழைகளுக்கு இடம் ஒதுக்கும் விதி இல்லாமல் இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவிலும் குடியிருப்புத் திட்டத்திலும் பத்து சதவீதத்தைக் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் 10,000 சதுர மீட்டர் என்பது சுமார் 45 கிரவுண்ட். சேலையூரில் ஒரு கிரவுண்ட், ஒன்றரை கிரவுண்டில் நடக்கும் வேலைக்கு இந்த விதி எந்த நாளும் பொருந்தாது. 500 சதுர மீட்டருக்குள் அல்லது எட்டு வீடுகளுக்குள் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்யவும் வேண்டாம். நகரத்தை மாற்றிக்கொண்டிருக்கும் கட்டடங்களில் கணிசமானவை இரண்டு விதிகளுக்கும் கீழே நழுவிவிடுகின்றன.

அப்படியானால் ஏழைகளின் வீடுகள் எங்கே போயின? பெரும்பாக்கத்துக்கு. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் எட்டு மாடி பிளாக்குகளாக ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே கொண்டுபோய் விட்டார்கள். லிஃப்ட் நின்றால் தண்ணீர்க் குடத்தோடு படியேற வேண்டும். மயிலாப்பூரிலோ சேத்துப்பட்டிலோ வீட்டு வேலை செய்தவர் விடியலில் பஸ் பிடிக்க வேண்டும். அடர்த்தி என்றதும் நடுத்தர வர்க்கம் மிரள்வதற்குப் பெரும்பாக்கமும் அதேபோன்ற கண்ணகி நகரும் ஒரு காரணம். ஆனால் அங்கே தவறாகிப்போனது மாடியின் எண்ணிக்கை அல்ல. வருவாய் குறைந்தவர்களை மட்டும் ஒரே இடத்தில் குவித்ததும், வேலைக்குத் தொலைவில் குவித்ததும்தான்.

தாம்பரத்தில் வேலையும் ரயிலும் பக்கத்திலேயே இருக்கின்றன. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் 1984-லிருந்து இயங்குகிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதி ஒன்று அந்தப் பகுதியிலேயே 2023-ல் வந்தது. ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் சிறிய இடம், கட்டுப்படியாகும் வாடகை: மாதிரி ஏற்கெனவே கண்முன் நிற்கிறது. குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

எதிர்ப்பவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. புறநகரின் பல தெருக்களில் இன்னும் செப்டிக் டேங்க்தான். நான்கு குடும்பம் எட்டானால் கழிவுநீர் லாரி இரண்டு மடங்கு வரும். வராத நாளில் அது மழைநீர் வடிகாலுக்குள் திறந்துவிடப்படும், அங்கிருந்து செம்பாக்கம் ஏரிக்கு. அடையாற்றின் ஓரம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015-ல் வீடுகளுக்குள் படகு போனதை யாரும் மறக்கவில்லை. அங்கே எஃப்எஸ்ஐ கூட்டுவது பற்றிப் பேசவே கூடாது. பெரும்பாலான இடங்களுக்கு ஒரே எண் என்பதே இன்றைய விதிகளின் பெரிய கோளாறு: ஸ்டேஷன் பக்கத்து மனையும் ஏரிக்கரை மனையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

2008-ல் வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ மூன்றாவதைத் தயாரிக்கிறது. அதில் பார்க்க வேண்டியது எத்தனை மாடி என்பது அல்ல. ரயில் நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள், பாதாளச் சாக்கடை ஓடும் தெருவில், 60 சதுர மீட்டருக்குக் குறைந்த வீடுகளாகவே கட்டுகிறவருக்குக் கார் பார்க்கிங் கட்டாயத்தைத் தளர்த்தி, பிரீமியம் எஃப்எஸ்ஐ கட்டணத்தையும் குறைத்தால் சேலையூர் பில்டரின் கணக்கு மாறும். அந்தச் சலுகை ஒரு கிரவுண்டுக்கும் கிடைக்குமா, இல்லை வழக்கம்போல 45 கிரவுண்ட் வைத்திருப்பவருக்கு மட்டும்தானா என்பதை வரைவு வெளியானதும் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.