சந்தேகமும் கைதும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து, கொழும்பின் வட எல்லையில் அமைந்துள்ளது மட்டக்குளி. கொழும்பு மக்கள் ‘தோட்டம்’ என வழங்கும் நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த பகுதி அது. அத்தகைய தோட்டம் ஒன்றின் வாயிலில், சிவில் உடை தரித்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் வாங்குபவர் போல வந்து, ஒருவனிடம் பணம் கொடுத்து ஹெரோயின் பொதி ஒன்றைப் பெறுகிறார் என வைத்துக்கொள்ளலாம். விற்றவன் அருகே அயல்வீட்டு இளைஞன் ஒருவன் நிற்கிறான். உள்ளே வசிக்கும் மூன்றாமவன் ஒருவனும் இதே தொழில் செய்பவன் என ஒற்றன் ஒருவன் முன்னரே கூறியிருக்கிறான். இம்மூவரில் யாரைப் பிடியாணையின்றிக் கைதுசெய்யலாம்?

இலங்கையின் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 32 ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. ஒருவன் இத்தகைய குற்றத்தில் சம்பந்தப்பட்டவனாக இருத்தல் வேண்டும். அன்றேல், சம்பந்தப்பட்டான் என நியாயமான முறைப்பாடோ, நம்பத்தகுந்த தகவலோ, நியாயமான சந்தேகமோ இருத்தல் வேண்டும். சந்தேகம் என்ற சொல்லின் முன்னே ‘நியாயமான’ என்ற சொல் நிற்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

விற்றவனைப் பற்றி ஐயமில்லை. குற்றம் உத்தியோகத்தரின் கண்முன்னே நிகழ்ந்தது.

அருகே நின்ற இளைஞனின் நிலை வேறு. 1948 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் விசாரித்த டி ரே வழக்கு இதனை விளக்கும். போலிப் பெற்றோல் பங்கீட்டுச் சீட்டு விற்றவன் இன்னான் என ஒற்றன் காட்டிக்கொடுத்தான். அவனுடன் மோட்டார் வண்டியில் அமர்ந்திருந்த இன்னொருவனையும் பொலிசார் கைதுசெய்தனர். ஒற்றன் அவனைப் பற்றி ஏதும் கூறவில்லை. உடனிருந்தமை மட்டும் கைதுக்குப் போதிய காரணமாகாது என்றும், சோதனையில் அகப்பட்ட பொருள் அச்சோதனையை நியாயப்படுத்தாது என்றும் நீதிமன்றம் கூறிற்று.

மூன்றாமவனைப் பற்றி உள்ளது ஒற்றனின் சொல் ஒன்றே. அச்சொல்லை எவ்வாறு நிறுப்பது? 1959 இல் தீர்ப்பான டிரேப்பர் வழக்கில், ஒருவன் சிக்காகோவிலிருந்து ஹெரோயினுடன் புகையிரதத்தில் டென்வர் நகருக்கு வருவான் என ஒற்றன் அறிவித்தான். வரும் நாள், உடை, கைப்பை, விரைந்து நடக்கும் இயல்பு ஆகியவற்றையும் கூறினான். அவன் முன்னர்க் கூறியவை மெய்யாகவே இருந்தன. நிலையத்தில் அதிகாரிகள் கண்ட மனிதன் அவ்விவரங்கள் அனைத்துக்கும் பொருந்தினான். கைது செல்லும் என நீதிமன்றம் தீர்த்தது. எனினும், ஒற்றனின் சொல்லுக்கு அப்பால் அதிகாரிகள் குற்றம் பற்றி ஏதும் அறிந்திலர் என நீதியரசர் டக்ளஸ் மாறுபட்டார். ஒற்றனின் நம்பகமும், அவன் சொல் நேரில் சரிபார்க்கப்பட்டமையும் இல்லையேல், அது வெறும் வதந்தியாகவே எஞ்சும்.

இலங்கை நீதிமன்றங்களும் இந்நெறியையே வலியுறுத்தியுள்ளன. பிடியாணையின்றி வீடு சோதிப்பதையும் குடிமகனைக் கைதுசெய்வதையும் நீதிமன்றங்கள் விழிப்புடன் ஆராய வேண்டும் என, 1951 இல் முத்துசாமி எதிர் கன்னங்கரா வழக்கில் நீதியரசர் கிரேஷியன் எடுத்துரைத்தார். 1994 இல் சன்ன பீரிஸ் வழக்கில் நீதியரசர் அமரசிங்க, உத்தியோகத்தரிடம் முழுச் சான்று இருக்க வேண்டியதில்லை எனினும், ஊகத்தின்மேல் எழுந்த சந்தேகம் போதாது என விளக்கினார்.

ஆகவே, காரணம் முந்தியும் கைது பிந்தியும் நிகழ்தல் வேண்டும். சட்டைப் பையில் பின்னர் அகப்பட்ட பொருள், முன்னர் இல்லாத காரணத்தை உண்டாக்காது. அப்பொருள் வழக்கில் சான்றாக ஏற்கப்படுமா என்பது வேறொரு வினா.

இந்த வரிசையைப் பேணுவது வெறும் நுணுக்கவாதமன்று. நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்துக்கு 1984 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2 கிராம் ஹெரோயினை உடைமையில் வைத்திருந்தமைக்கே மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கப்படலாம். 1976 க்குப் பின் இலங்கையில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை எனினும், தீர்ப்பின் பாரம் குறைந்துவிடவில்லை. போதைப்பொருளால் குடும்பங்கள் அழிவது மெய். விற்போரைப் பிடிப்பது பொலிசாரின் கடமை. ஆனால், பெயர் கெட்ட ஒழுங்கையில் வாழ்வதே ஒருவனுக்கு எதிரான காரணமாகிவிட்டால், அங்குள்ள குற்றமற்றவர் யாவரும் சந்தேகநபரே ஆவர்.

கைதுசெய்யப்படுபவனுக்கும் காப்பு உண்டு. குற்றச்சாட்டின் தன்மையைக் கைதின்போதே அவனுக்கு அறிவித்தல் வேண்டும் என 23 ஆம் பிரிவு பணிக்கிறது. காரணத்தை அறியும் உரிமையை அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரையும் உறுதிசெய்கிறது. சாதாரணமாக, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனை நீதவான் முன் நிறுத்துதல் வேண்டும். உரிமை மீறப்பட்டதாயின், 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

வாயிலில் நின்ற அந்த இளைஞன், “என்னை ஏன் பிடிக்கிறீர்கள்?” என வினவுவானாயின், அது எதிர்ப்பன்று; சட்டம் அவனுக்கு அளித்த கேள்வி. அதற்கு நேரான விடை கூற இயலும் உத்தியோகத்தரே சட்டப்படி கடமை ஆற்றுபவர் ஆவார்.