இணைய வேகம் இருந்தும் இணையதளம் திறக்கவில்லையா? குறை பிரவுசரில் இருக்கலாம்

புதுடெல்லி: தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு உள்ளது, வீடியோக்கள் தடையின்றி ஓடுகின்றன. ஆனால், விண்ணப்பப் பக்கம் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. இத்தகைய நேரங்களில் சிலர் கூடுதல் கட்டணம் செலுத்தி வேகமான திட்டத்துக்கு மாறிவிடுகின்றனர். உண்மையில், கணினியில் உள்ள பழைய பிரவுசரே தடையாக இருக்கலாம்.

வேகம் என்பது என்ன?

எம்.பி.பி.எஸ். என்பது ஒரு நொடியில் கடத்தப்படும் மெகாபிட்டுகளின் எண்ணிக்கை. 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட் என்பதால், 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் மட்டுமே பதிவிறங்கும். பிராட்பேண்ட் சேவைக்கான குறைந்தபட்சப் பதிவிறக்க வேகத்தை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023-ஆம் ஆண்டு 2 எம்.பி.பி.எஸ். என நிர்ணயித்தது. எளிய விண்ணப்பப் படிவம் ஒன்றைத் திறக்க 100 எம்.பி.பி.எஸ். வேகம் தேவையில்லை.

வைஃபை இணைப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. எனினும், சுவர்களைக் கடக்கையில் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு வரை எட்டும், வேகம் குறைவு. எனவே, ரூட்டருடன் கேபிள் மூலம் கணினியை இணைத்துச் சோதிப்பதே சரியான அளவைக் காட்டும்.

பிரவுசரின் பங்கு

இணையப் பக்கத்தின் நிரல்களைப் படித்துத் திரையில் காட்டுவது பிரவுசரின் பணி. புதிய நிரல்களைப் பழைய பிரவுசர் புரிந்துகொள்ளாதபோது, பொத்தான்கள் இயங்காது. பக்கம் வெறுமையாகத் தோன்றும். இணைப்பின் வேகத்தைக் கூட்டுவதால் இக்குறை தீராது.

விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. அந்த இயங்குதளத்தில் இயங்கும் கடைசி குரோம் பதிப்பு 109 ஆகும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவு 2022 ஜூன் 15-இல் முடிவுக்கு வந்தது. அதற்கென வடிவமைக்கப்பட்ட பழைய தளங்களைத் திறக்க எட்ஜ் பிரவுசரில் தனி வசதி உள்ளது. பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்காத பிரவுசரில் வங்கிப் பணிகளை மேற்கொள்வது ஆபத்தானது.

கண்டறிவது எப்படி?

எல்லாத் தளங்களும் எல்லாச் சாதனங்களிலும் மெதுவாக இருந்தால், இணைப்பையோ ரூட்டரையோ சரிபார்க்க வேண்டும். ஒரு தளம் மட்டும் ஒரு பிரவுசரில் திறக்காமல் வேறொன்றில் திறந்தால், பிரவுசரைப் புதுப்பித்து, அதில் சேமிக்கப்பட்ட தற்காலிகக் கோப்புகளை நீக்க வேண்டும். மொபைல் டேட்டாவிலும் அத்தளம் திறக்கவில்லை எனில், பெரும்பாலும் கோளாறு அத்தளத்தின் சர்வரில்தான் இருக்கும். கணினியில் தேதி தவறாக இருந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை தோன்றும்.

பிரவுசரைப் புதுப்பிக்குமாறு இணையப் பக்கங்களில் திடீரெனத் தோன்றும் அறிவிப்புகளை நம்பக் கூடாது; அவற்றின் வழியே தீங்கிழைக்கும் மென்பொருள்கள் நுழையக்கூடும். பிரவுசரின் அமைப்புகள் பகுதிக்குச் சென்று புதுப்பிப்பதே பாதுகாப்பானது. கடைசி நாள் வரை காத்திராமல், முன்கூட்டியே ஒருமுறை படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டால் இறுதி நேரப் பதற்றத்தைத் தவிர்க்கலாம்.