கணக்கு ஆபீஸில் தியானம்

தியானம் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே நம் தேச ஊழியரிற் பலர் முகம் சுளிக்கின்றனர். ஊர் பற்றி எரிகையில் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பர்மாவின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இவ்வளவு அவசரமாகத் தீர்ப்புக் கூறமாட்டார்கள்.

1885-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் சைனியம் மாண்டலேயைப் பிடித்தது. தீபா மன்னரைச் சென்னை வழியாக ரத்னகிரிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். பர்மியர் அரசனை மட்டுமா இழந்தனர்? பௌத்த சாஸனத்தைப் பரிபாலித்து வந்த கையும் அன்றே போயிற்று. இனி அதைக் காப்பவர் யார்? குடிஜனங்களே என்றார் லெடி ஸயாடோ (1846–1923) என்னும் பிக்ஷு. சாஸ்திரங்களைப் பாமரரும் கற்கும்படி எளிய பர்மிய பாஷையில் எழுதினார். ஊர் ஊராய்ச் சென்று சங்கங்கள் நிறுவினார். பெரும்பாலும் துறவிகளுக்கே உரியதென்று கருதப்பட்ட விபஸ்ஸனா தியானத்தை இல்லறத்தாருக்கும் உரிமையாக்கினார். வெள்ளைக்காரர்கள் பாதரக்ஷையுடன் பகோடாக்களில் ஏறுவதைக் கண்டித்து எழுதியவரும் இவரே. மூச்சைக் கவனிக்கச் சொன்னவர் மானத்தை விடச் சொல்லவில்லை.

இவருடைய சீடர் ஸயா தெட்ஜி ஒரு குடியானவர். அவரிடம் 1937-ல் கற்றவர் ஊ பா கின், ரங்கூன் கணக்கு ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து உயர்ந்தவர். பர்மா சுதந்திரம் பெற்ற 1948 ஜனவரி 4-ந் தேதியன்று அந்நாட்டின் அக்கவுண்டண்ட் ஜெனரலானார். பேரேடுகளுக்கு நடுவில், தம் சிப்பந்திகளுக்கே தியானம் கற்பித்தார். காட்டிற்குப் போக வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமோ?

அப்பியாசம் எளிது, அதைச் செய்வதுதான் கடினம். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்களை மூடி, நாசித் துவாரத்தில் மூச்சு புகுவதையும் வெளியேறுவதையும் கவனிக்க வேண்டும். மூச்சை அடக்குவதும் நீட்டுவதும் கூடாது. பிராணாயாமம் வேறு, இது வேறு. மந்திரமில்லை, மூர்த்தியில்லை. நாலு மூச்சு விடுவதற்குள் மனம் நேற்றைய பொதுக்கூட்டத்திற்கோ நாளைய தேர்தலுக்கோ ஓடிவிடும். ஓடியதை அறிந்து, அதன்மீது கோபியாமல், மீண்டும் மூச்சினிடம் அழைத்து வருவதே பயிற்சி. பிறகு கவனத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை மெல்லச் செலுத்தினால் சில விஷயங்கள் புலனாகும். தாடை இறுகியிருக்கும். தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும். எதிரி எவனும் எதிரில் இல்லாதபோதும் கை முஷ்டி பிடித்திருக்கும். கண்டுகொண்ட மாத்திரத்தில் இவை பெரும்பாலும் தாமே தளர்ந்துவிடுகின்றன. கோபமும் அவ்வாறே. அது வாய்ச்சொல்லாகு முன்பே நெஞ்சிலும் முகத்திலும் சூடாக எழுகிறது. அச்சூட்டை அறிபவனுக்கு ஒரு கணம் அவகாசம் கிடைக்கிறது. மேடையில் பேசுபவர்களும் பத்திரிகைக்கு எழுதுபவர்களும் (நம்மையும் சேர்த்துத்தான்) அந்த ஒரு கணமின்றிப் பட்ட பாடு கொஞ்சமன்று.

ஊ பா கின்னின் மாணாக்கர், மாண்டலேயிற் பிறந்த வர்த்தகர் ஸ்ரீ கோயங்கா, 1969-ல் இதை இந்தியாவுக்குக் கொணர்ந்தார். 1994-ல் டில்லி திஹார் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் பத்து நாள் மௌனமாக அமர்ந்து பயின்றனர். நல்ல காரியமே. ஆனால் விசாரணைக் கைதி அமைதி பெற்றான் என்பதால், அவன் வழக்கைக் காலத்தில் விசாரிக்கும் கடமை சர்க்காரை விட்டு நீங்கிவிடாது. கூலி போதவில்லை என்று முறையிடும் தொழிலாளிக்கு மூச்சைக் கவனிக்கும்படி உபதேசிக்கும் முதலாளியின் செய்கை வெறும் மோசடி. தியானத்தினால் எல்லோரும் நல்லவராகிவிடுவர் என்பதும் இல்லை. 2012-க்குப் பின் பர்மாவில் காஷாயம் தரித்த சிலரே முஸ்லிம்கள்மீது துவேஷத்தை வளர்த்தனர்.

அதே பர்மாவில்தான், 2007-ல் எரிபொருள் விலையை ராணுவ சர்க்கார் ஏற்றியதை எதிர்த்து ஜனங்கள் கிளர்ந்தபோது, ஆயிரக்கணக்கான பிக்ஷுக்கள் மைத்திரி சூத்திரத்தை ஓதிக்கொண்டு ரங்கூன் வீதிகளில் நடந்தார்கள். படையினரிடம் பிக்ஷை ஏற்பதில்லையென்று பாத்திரங்களைக் கவிழ்த்துப் பிடித்தார்கள். துப்பாக்கிகள் எதிரே நின்றன. அவர்கள் ஓதுவதை நிறுத்தவில்லை.