எண்ணெய் கேனில் லெட்யூஸ்

சமையல் எண்ணெய் வந்த ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று காலியாக இருக்கிறதா? சாலட்டுக்கான லெட்யூஸ் செடி ஒன்றை அதிலேயே முழுதாக வளர்த்துவிடலாம். மண் வேண்டாம், பம்பு வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். நடும் அன்று உரம் கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டால், அறுவடைவரை பெரும்பாலும் அதுவே போதும்.

இதற்குக் கிராட்கி முறை என்று பெயர். ஹவாய்ப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆய்வாளர் பெர்னார்ட் கிராட்கி இதைப் பல ஆண்டுகள் செய்து பார்த்து, லெட்யூஸ் வளர்க்கும் மூன்று வழிகளை 2009இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவற்றில் வியாபாரத்துக்கு வளர்ப்பவர்களுக்கு மரச்சட்டத்தில் பாலித்தீன் விரித்த பெரிய தொட்டி. வீட்டில் வளர்ப்பவர்களுக்குச் சாதாரண பிளாஸ்டிக் பாட்டில்.

மண்ணில்லாமல் செடி வளர்ப்பது (ஹைட்ரோபோனிக்ஸ்) புதிதல்ல. 1860களிலேயே ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் உப்புக் கரைசலில் செடி வளர்த்துக் காட்டினார். தொல்லையெல்லாம் வேரின் மூச்சில்தான். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய 8 மில்லிகிராம். அதே ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் சூடேற ஏற அந்த 8-உம் குறையும். அசையாத தண்ணீரில் முழுக்க மூழ்கிய வேர் மூச்சுத்திணறி அழுகும். அதனால்தான் மற்ற பல ஹைட்ரோபோனிக்ஸ் முறைகளில் பம்பு ஓடுகிறது.

பம்பின் வேலையைக் கிராட்கி செடியிடமே விட்டுவிட்டார். நட்ட அன்று செடி நிற்கும் கப்பின் அடிப்பகுதி மட்டும் கரைசலைத் தொடும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். அந்த இடத்தில் ஈரக்காற்று நிறையும். மூன்று வாரம் கழித்துக் கப்பை மெல்லத் தூக்கிப் பார்த்தால் வேர் இரண்டு விதமாகப் பிரிந்திருப்பது தெரியும். மேலே காற்றில் தொங்குவது பஞ்சுபோல் அடர்ந்து கிளைத்த வேர், அது மூச்சுக்கு. கீழே கரைசலுக்குள் நீண்டு கிடப்பது தண்ணீருக்கும் உரத்துக்கும்.

இது புரிந்தால் இந்த முறையின் ஒரே கண்டிப்பான விதியும் புரிந்துவிடும்: தண்ணீர் குறைந்துவிட்டதே என்று கேனை மறுபடி நிரப்பக் கூடாது. நிரப்பினால் காற்று வேர்கள் மூழ்கிச் செடி வாடிவிடும். அடியில் வற்றும் நிலை வந்தால் கொஞ்சமாக ஊற்றலாம், பாதிக்கு மேல் ஏறாமல். ஒரு முழு லெட்யூஸுக்குச் சுமார் நான்கு லிட்டர் கரைசல் தேவை. இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலும் வளரும். ஆனால் சின்னதாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும்.

உணவுப்பொருள் வந்த கேன், வாளி, தெர்மாகோல் பெட்டி எதுவும் ஆகும். பூச்சிமருந்து, பினாயில், ஆசிட் வந்தவை கூடவே கூடாது. ஐஸ்கிரீம் கப்பின் அடியிலும் பக்கத்திலும் சூடான ஆணியால் துளையிட்டு, கழுவிய தென்னை நார்த்தூளை நிரப்புங்கள். கேனின் வாயில் கப் விளிம்பு தங்கும் அளவுக்கு வெட்டினால் போதும். லெட்யூஸ் விதை முளைக்க வெளிச்சம் தேவை. புதைக்காமல் மேலாகத் தூவுங்கள். வெயில் காலத்தில் அது முளைக்காமல் அடம்பிடிக்கும். ஈரத்துணியில் சுற்றி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் வழிக்கு வரும்.

உரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாணக் கரைசலும் மண்புழு உரமும் தேங்கிய தண்ணீரில் அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். ஹைட்ரோபோனிக்ஸ் உரம் என்றே கேட்டு வாங்குங்கள். ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பாகமாகத் தருவதற்குக் காரணம் உண்டு: ஒன்றில் கால்சியம், மற்றதில் சல்பேட். நீர்க்காமல் ஒன்றாகக் கலந்தால் ஜிப்சமாகி அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. முதல் பாகத்தைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். உப்பேறிய போர்த் தண்ணீரை விட மழைநீர் நல்லது.

கேனுக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். கறுப்பு பெயின்டோ தடித்த துணியோ போட்டு மறையுங்கள். கப்புக்கும் கேன் வாய்க்கும் நடுவே இடுக்கு இருந்தால் கொசு முட்டையிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய தண்ணீர்தான் தேவை. இடுக்கைத் துணியால் இறுக்கி அடைத்துவிடுங்கள்.

எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. துளசி வகையைச் சேர்ந்த பேசில், பாக்சாய் கீரை போன்றவை நன்றாக வரும். தக்காளியும் வெள்ளரியும் குடிக்கும் தண்ணீருக்குப் பெரிய டிரம் வேண்டும். முள்ளங்கி, கேரட்டுக்கு மண்தான் சரி. லெட்யூஸோ குளிர் விரும்பி. நம் சமவெளியில் கோடையில் வளர்த்தால் சீக்கிரமே பூத்தண்டு விட்டு இலை கசந்துபோகும். கார்த்திகையில் விதைத்தால் நாற்றுக்கு இரண்டு வாரம், நட்டபின் ஐந்தாறு வாரம் என்று தை மாதத்தில் இலை பறிக்கலாம். காலை வெயில் படும் ஜன்னலோரமோ சன்ஷேடுக்கு அடியோ பார்த்து வையுங்கள். மொட்டை மாடியில் திறந்து வைத்தால், நீங்கள் ஊற்றாமல் விட்ட தண்ணீரை மழை ஊற்றிவிடும்.