அடிநீரும் மின்கலனும்

நுழையும்முன்
கலத்தைத் தாங்குவதும் நீரே. உட்புகுந்தால் அதனை மூழ்கடிப்பதும் நீரே. படகினுள் சேரும் நீரை ஆள் இல்லாத வேளையிலும் வெளியேற்றும் நீரேற்றி, மின்கலனோடு எவ்வாறு இணைக்கப்பட வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அடிநீர் சேரும் வழிகள்
கட்டுமரத்தில் நீர் தங்குவதில்லை. மரங்களின் இடைவெளி வழியே அது வடிந்துவிடும். வள்ளமும் விசைப்படகும் அத்தகையன அல்ல. அவற்றின் உட்குழிவில் மழைநீரும் அலைநீரும் தேங்கும். இயந்திரத்திலிருந்து விசிறிக்குச் செல்லும் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்திலும் நீர் துளித்துளியாகக் கசியும். மரப்படகில் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை பழுதுற்றால் கசிவு மேலும் பெருகும். முன்னாளில் இந்நீரை வாளியால் இறைத்தனர். இன்று மின்கலனால் இயங்கும் நீரேற்றி அப்பணியைச் செய்கிறது.

நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 2.5 செ.மீ. விட்டமுள்ள துளை ஒன்று உண்டாயின், மணிக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் உட்புகும். சிறு துளை என எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

காவலர் அற்ற கலம்
ஆரணியில் பட்டுத்தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளரின் கண் அதனைக் காணும். அவர் தறியை நிறுத்தி இழையைப் பிணைப்பார். துறைமுகத்தில் கட்டப்பட்ட படகுக்கோ இரவில் அத்தகைய காவற்கண் இல்லை. எனவே நீரின் வரவை உணர்ந்து தானே இயங்கும் அமைப்பு வேண்டும். அதுவே மிதவைச் சுவிட்சு. நீர் உயரும்போது மிதவை எழுந்து மின்சுற்றை மூடும். நீர் வடிந்ததும் தாழ்ந்து சுற்றைத் திறக்கும்.

இணைப்பு முறை
கரை திரும்பும் மீனவர், பாதுகாப்புக் கருதிப் படகின் முதன்மைச் சுவிட்சை அணைப்பது வழக்கம். நீரேற்றியின் இணைப்பும் அச்சுவிட்சின் வழியே சென்றால், காவல் மிகத் தேவைப்படும் வேளையில் அது செயலற்றுப் போகும். ஆகவே மிதவைச் சுவிட்சுக்கான கம்பியை முதன்மைச் சுவிட்சைச் சாராமல், மின்கலனின் நேர்முனையிலிருந்து தனியே கொண்டுசெல்ல வேண்டும். நேர்முனைக்கு மிக அருகில் உருகி ஒன்றை அமைத்தல் இன்றியமையாதது. கம்பியின் உறை தேய்ந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால், உருகி அறுந்து தீயைத் தடுக்கும். மிதவை பழுதுற்றாலும் நீரேற்றியை இயக்குவதற்கு, கையால் இயக்கும் சுவிட்சு ஒன்றை மிதவைக்குப் பக்க இணைப்பாகப் பொருத்த வேண்டும். கம்பி இணைப்புகள் அடிநீருக்கு மேலே, ஈரம் புகாதவாறு மூடப்பட்டிருத்தல் வேண்டும். உவர்நீர் செம்பை விரைவில் அரித்துவிடும்.

கம்பியின் பருமன்
மின்கலனிலிருந்து நீரேற்றி 5 மீட்டர் தொலைவில் இருப்பின், போக்கும் வரவுமாக 10 மீட்டர் கம்பி தேவை. 5 ஆம்பியர் மின்னோட்டம் செல்கையில், 1 சதுர மி.மீ. செம்புக்கம்பியில் ஏறத்தாழ 0.9 வோல்ட் இழப்பாகும், 2.5 சதுர மி.மீ. கம்பியில் அவ்விழப்பு 0.4 வோல்ட்டுக்கும் குறைவே. 12 வோல்ட் அமைப்பில் இவ்வேறுபாடு சிறிதன்று. மின்னழுத்தம் குறையக் குறைய நீரேற்றி இறைக்கும் நீரின் அளவும் குறையும்.

மின்கலனின் வரம்பு
கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றப்படாமல் நீரிலேயே நிற்கும் விசைப்படகில் இயந்திரம் ஓடாது. மின்கலனும் மின்னேற்றம் பெறாது. 5 ஆம்பியர் நீரேற்றி மணிக்குப் பத்து நிமிடம் இயங்கினால் நாளொன்றுக்கு 20 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி மின்கலனில் பாதியளவே பயன்படுத்தத் தக்கது எனக் கொண்டால், அது இரண்டரை நாளுக்கே போதும். சூரியத் தகடு கொண்டு மின்னேற்றலாம். ஆயினும் மின்கலனையும் மிதவையையும் நேரில் ஆய்தல் வேண்டும். வலை நூலும் குப்பையும் சிக்கினால் மிதவை எழாது.

நீரேற்றி துளையை அடைப்பதில்லை. அடைப்பதற்கான காலத்தைத் தருகிறது. ஒரு குடும்பத்தின் பிழைப்பைச் சுமக்கும் கலம் அக்காலத்தைப் பெறுவதும் இழப்பதும் சில முழக் கம்பியின் செம்மையைப் பொறுத்ததாகும்.

கற்பவை கற்றபின்
1. முதன்மைச் சுவிட்சை அணைத்த பின்னும் நீரேற்றி இயங்க வேண்டுவது ஏன்? விளக்குக.
2. தடைக்காலத்தில் படகைக் காப்பது குறித்து மீனவர்களுக்கான அறிவிப்பு ஒன்றினை எளிய தமிழில் எழுதுக.