வால்ஐ சுழல்தகட்டுத் தூண்டில் நரம்பு

வால்ஐ சுழல்தகட்டுத் தூண்டில் நரம்பு என்பது வட அமெரிக்க நன்னீர் மீனான வால்ஐயைப் பிடிக்க உதவும் சுழல்தகட்டுத் தூண்டிலைக் கட்டுவதற்கான இழையாகும். தூண்டில் இழை தமிழகத்தில் நரம்பு எனவும், இலங்கையில் தங்கூசி எனவும் வழங்கப்படுகிறது. இத்தூண்டில்கள் கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பினும், பொழுதுபோக்காக மீன்பிடிப்போர் பலர் தாமே கட்டிக்கொள்கின்றனர். தகட்டின் நிறத்தையும் மணிகளின் நிறத்தையும் தேர்வதில் செலவிடும் கவனத்தை அவர்கள் நரம்பின் மேல் செலுத்துவது குறைவு.

மீனும் தூண்டிலும்

வால்ஐ (சாண்டர் விட்ரியசு) கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இயற்கையாக வாழும் மீன். ஈரி ஏரி இம்மீனுக்குப் பெயர் பெற்றது. மினசோட்டா 1965 ஆம் ஆண்டில் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. இதன் விழித்திரைக்குப் பின்னே ஒளியை எதிரொளிக்கும் படலம் ஒன்று உள்ளது. ஆகவே மங்கிய ஒளியிலும் கலங்கிய நீரிலும் இதனால் நன்கு இரைதேட இயலும்.

தூண்டிலின் அமைப்பு எளியது. ஏறத்தாழ 0.9 முதல் 1.8 மீட்டர் நீளமுள்ள நரம்பின் நுனியில், சில அங்குல இடைவெளியில் இரண்டு முட்கள் கட்டப்படும். அவற்றுக்கு முன்னே நரம்பில் சில மணிகள் கோக்கப்படும். மணிகளுக்கு முன்னே, லாட வடிவான சிறு கொளுவியில் தொங்கும் உலோகத் தகடு வரும். முட்களில் மண்புழு நீளவாக்கில் குத்தப்படும். படகு மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவிலான மெதுவான வேகத்தில் இழுத்துச் செல்ல, தகடு நரம்பைச் சுற்றிச் சுழன்று ஒளியையும் அதிர்வையும் எழுப்பும்.

அச்சாகச் செயற்படும் நரம்பு

பிற தூண்டில்களில் நரம்பின் வேலை இழுவையைத் தாங்குவது மட்டுமே. இங்கு அது சுழலும் தகட்டுக்கு அச்சாகவும் செயற்படுகிறது. கொளுவி மணிக்கணக்காக ஒரே இடத்தில் உராய்வதால் அவ்விடம் தேயும். மெல்லிய உலோகத் தகட்டை மடித்துச் செய்த கொளுவியின் விளிம்பு கூர்மையாக இருந்தால் தேய்மானம் மிகும். நெகிழிக் கொளுவி இவ்வகையில் மென்மையானது. மேலும், மெலிந்து துவளும் நரம்பு தகட்டின் சுழற்சியோடு சேர்ந்து முறுக்கேறி முடிச்சிட்டுக்கொள்ளும். எனவே அறுபடும் வலிமையை மட்டும் கொண்டு நரம்பைத் தேர்வது பொருத்தமன்று. விறைப்பும் உராய்வைத் தாங்கும் தன்மையும் அதற்கு இணையாகக் கருதத்தக்கவை.

பொருள் வகைகள்

நைலான் ஒற்றையிழையே மிகுதியாகப் பயன்படுகிறது. விலை குறைவு, முடிச்சு நன்கு இறுகும். இதன் அடர்த்தி ஏறத்தாழ 1.14 கி/செமீ³ ஆதலால் மெதுவாகவே மூழ்கும். நீரை உறிஞ்சிச் சற்று வலிமை இழப்பதும், வெயிலில் நாளடைவில் நலிவதும் இதன் குறைகள்.

புளோரோகார்பன் எனப்படுவது பாலிவினைலிடீன் புளோரைடு என்னும் பலபடியால் ஆனது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, புளோரோகார்பனுடையது 1.42, நைலானுடையது ஏறத்தாழ 1.53. நீருக்கு நெருக்கமான எண்ணைக் கொண்டிருப்பதால் இது நீரில் குறைவாகவே புலப்படும். விற்பனையாளர்கள் பெரிதும் எடுத்துரைப்பது இப்பண்பையே. ஆனால் கலங்கிய நீரில் சுழலும் தகட்டின் பின்னே வரும் இழை புலப்படுவதும் புலப்படாததும் பெரிய வேறுபாட்டைத் தராது. தெளிந்த ஏரிகளில்தான் இதற்குப் பயனுண்டு. உராய்வைத் தாங்குவதும் விறைப்பும் இதன் உண்மையான சிறப்புகள். அடர்த்தி ஏறத்தாழ 1.78 ஆதலால், படகு வேகம் குறையும்போது விரைந்து தாழ்ந்து பாறைகளில் சிக்குவது இதன் குறை.

பாலிஎத்திலீன் பின்னல் இழை மிக வலியது. ஆயினும் விறைப்பு இல்லாததால் தகட்டுக்கு அச்சாக ஏற்றதன்று. ரீலில் சுற்றும் முதன்மை இழையாக அது சிறப்பாகப் பயன்படும்.

வலிமையைத் தேர்தல்

பொதுவாக 10 முதல் 20 பவுண்டு வரையிலான நரம்புகள் பயன்படுகின்றன. சிறிய தகட்டுக்கும் தெளிந்த நீருக்கும் மெல்லியதும், பெரிய தகட்டுக்கும் கூரிய பற்களையுடைய வட பைக் மீன் வாழும் நீருக்கும் தடித்ததும் பொருந்தும். தடிமன் கூடினால் சிறிய மணியின் துளையில் நுழையாது என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூண்டில் பாறையில் சிக்கினால் எது முதலில் அறுபட வேண்டும் என்பது இங்கு எழும் மற்றொரு கேள்வி. தூண்டில் நரம்பு முதன்மை இழையைவிட வலியதாக இருப்பின், அதற்கு முன்னே கட்டப்பட்ட ஈய எடையும் சேர்ந்து ஏரியடியில் தங்கிவிடும். ஈயம் லூன் போன்ற நீர்ப்பறவைகளுக்கு நஞ்சாகும். ஆகவே 20 பவுண்டு முதன்மை இழைக்கு 14 பவுண்டு நரம்பு என்பது போன்ற சேர்க்கை தக்கது; இழப்பது இரண்டு முட்களும் ஒரு தகடும் மட்டுமே.

கட்டுதலும் பேணுதலும்

முட்கள் ஸ்னெல் முடிச்சால் கட்டப்படுகின்றன. இதில் நரம்பு முள்ளின் தண்டைச் சுற்றி இறுக்கப்படுவதால் இழுவை நேர்கோட்டில் அமையும். இறுக்குமுன் நரம்பை நனைக்க வேண்டும். உலர்ந்த புளோரோகார்பன் உராய்வு வெப்பத்தால் எளிதில் நலியும். தகடு முள்ளில் மோதாத அளவுக்கு மணிகள் கோக்கப்படல் வேண்டும். கட்டிய தூண்டில்களைத் தடித்த நுரை உருளையில் சுற்றி வைத்தால் நெருக்கமான சுருள்கள் பதியாது. ஒவ்வொரு முறை மீன் பிடித்த பின்னும் கொளுவி உராய்ந்த பகுதியை விரல்நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தென்பட்டால் அந்த நரம்பை நீக்கிவிட்டுத் தகட்டையும் மணிகளையும் புதியதில் கோத்துக்கொள்ளலாம்.