'கலைந்து போங்கள்!' - ஒரே ஓர் உத்தரவு... கடலுக்குள் போன 21 கப்பல்கள்!

1942-ம் ஆண்டு, ஜூலை 4. இரவு ஒன்பது மணியைத் தாண்டிவிட்டது. ஆனால், வெளிச்சம் குறையவில்லை. வடதுருவத்தை ஒட்டிய பேரன்ட்ஸ் கடலில் கோடைக்காலத்தில் சூரியன் மறைவதே கிடையாது. அந்த வெளிச்சத்தில் 30-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் வரிசை கலையாமல் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றி போர்க்கப்பல்கள் காவல்.

அப்போதுதான் லண்டனிலிருந்து அடுத்தடுத்து மூன்று ரேடியோ செய்திகள் வந்தன. 9.11-க்கு முதல் செய்தி: துணைக்கு வந்த க்ரூசர் போர்க்கப்பல்கள் முழு வேகத்தில் மேற்கே திரும்ப வேண்டும். 9.23-க்கு இரண்டாவது: எதிரியின் போர்க்கப்பல்களால் ஆபத்து, சரக்குக் கப்பல்கள் பிரிந்து ரஷ்யத் துறைமுகங்களுக்குப் போக வேண்டும். 9.36-க்கு மூன்றாவது: கலைந்து சிதறிப் போங்கள்!

25 நிமிடங்கள், மூன்று செய்திகள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படைக்கு இன்றுவரை தீராத தலைகுனிவாக இருக்கும் 'பி.க்யூ. 17' கதை இங்கேதான் திசை மாறியது.

ஏன் இந்த ஆபத்தான பாதை?

1941 ஜூனில் ஹிட்லரின் படை சோவியத் ரஷ்யாவுக்குள் புகுந்தது. ரஷ்யாவுக்கு டாங்கிகள், விமானங்கள், லாரிகள் உடனடியாகத் தேவைப்பட்டன. அமெரிக்காவும் பிரிட்டனும் கொடுக்கத் தயார். எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? ஈரான் வழியாகச் சுற்றிப்போகலாம், நாளாகும். குறுக்குவழி ஒன்றுதான்... ஐஸ்லாந்திலிருந்து கிளம்பி, நார்வேயின் தலைக்கு மேலாகச் சுற்றி, மர்மான்ஸ்க் அல்லது ஆர்க்கேஞ்சல் துறைமுகத்துக்குப் போவது.

அந்த நார்வே ஜெர்மனியின் கையில் இருந்தது. விமானத்தளங்கள், நீர்மூழ்கிக் கப்பல்கள், போர்க்கப்பல்கள் எல்லாம் அங்கே காத்திருந்தன. வடக்கே நகர்ந்து தப்பிக்கலாம் என்றால் பனிச்சுவர். குளிர்காலத்தில் இருட்டு துணைக்கு வரும், கூடவே பனியும் முன்னுக்கு வந்து பாதையைக் குறுக்கிவிடும். கோடையில் பனி விலகும், ஆனால் 24 மணி நேரமும் பகல். ஒன்று கிடைத்தால் இன்னொன்று இல்லை.

எனவேதான் 'கான்வாய்'. தனித்தனியாகப் போனால் ஒவ்வொன்றாக வேட்டையாடப்படும் கப்பல்களை ஒரே கூட்டமாகச் சேர்த்து, காவலோடு அனுப்பும் முறை. இவ்வளவு கப்பல்கள் சேர்ந்து போனால் எதிரியின் கண்ணில் சுலபமாகப் படாதா என்று தோன்றும். கடலின் பரப்போடு ஒப்பிட்டால் 35 கப்பல்களின் கூட்டமும் ஒரு புள்ளிதான். அதே 35 கப்பல்கள் தனித்தனியாகப் போனால் 35 புள்ளிகள். நீர்மூழ்கிக்கு ஏதாவது ஒன்று மாட்டியே தீரும். முதல் உலகப்போரில் 1917-லேயே பிரிட்டன் கற்றுக்கொண்ட பாடம் இது.

ஜூன் 27-ம் தேதி ஐஸ்லாந்திலிருந்து கிளம்பிய பி.க்யூ. 17-ல் 35 சரக்குக் கப்பல்கள். ஒன்று தரைதட்டியும், ஒன்று பனியில் அடிபட்டும் ஆரம்பத்திலேயே திரும்பிவிட்டன. மொத்தச் சரக்கில் 594 டாங்கிகள், 297 விமானங்கள், 4,246 வாகனங்கள். ஒரு முழுப் படையையே தயார்செய்யப் போதுமான சரக்கு.

தைரியமாக விடிந்த நாள்

ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினம். கூட்டத்தில் பாதிக்கும் மேல் அமெரிக்கக் கப்பல்கள். காலையில் பழைய கொடிகளை இறக்கிவிட்டுப் புத்தம்புதுக் கொடிகளை ஏற்றினார்கள். அன்று ஜெர்மன் விமானங்கள் டார்பிடோக்களோடு வந்து தாக்கின. அன்றைய கணக்கில் மூன்று கப்பல்கள் போயின. 'அஸர்பைஜான்' என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலும் டார்பிடோவில் அடிபட்டுத் தீப்பற்றியது. அதில் பெண் மாலுமிகளும் இருந்தார்கள். தீயை அணைத்துவிட்டு மறுபடி வரிசைக்கு வந்து சேர்ந்துகொண்டது அந்தக் கப்பல்!

காவல் படையின் தலைவர் கமாண்டர் ஜாக் ப்ரூமுக்கு அன்று மாலை நம்பிக்கை கூடியிருந்தது. குண்டு இருக்கும் வரை எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம் என்ற மனநிலை. அந்த நேரத்தில்தான் லண்டன் செய்திகள் வந்தன.

லண்டனில் என்ன நடந்தது?

எல்லாவற்றுக்கும் காரணம், 'டிர்பிட்ஸ்'. புகழ்பெற்ற பிஸ்மார்க்கின் உடன்பிறந்த கப்பல். 15 அங்குல பீரங்கிகள் எட்டு. அது கான்வாய்க்கு நடுவே புகுந்தால், காவலுக்கு வந்த சிறிய கப்பல்களால் எதுவும் செய்ய முடியாது. அது நார்வேயின் வடகோடிக்கு நகர்ந்துவிட்டது என்று தகவல் வந்திருந்தது. அங்கிருந்து கிளம்பிவிட்டதா, இல்லையா? அதுதான் கேள்வி.

பிரிட்டிஷ் உளவுப்பிரிவு ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவின் அதிகாரி நார்மன் டென்னிங், 'டிர்பிட்ஸ் இன்னும் கிளம்பவில்லை' என்று நினைத்தார். கிளம்பியிருந்தால் வழக்கமாகப் பறக்கும் செய்திகள் எதுவும் பறக்கவில்லை. செய்தி இல்லாததே ஒரு செய்தி என்பது அவர் கணக்கு.

கடற்படைத் தலைவர் அட்மிரல் டட்லி பவுண்ட் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். டிர்பிட்ஸ் துறைமுகத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? டென்னிங்கால் முடியவில்லை. நடக்காத ஒன்றுக்கு யார்தான் ஆதாரம் காட்ட முடியும்? ஆலோசனையில் இருந்த அதிகாரிகளில் பெரும்பாலானோர் கான்வாயைக் கலைக்கக் கூடாது என்றார்கள். பவுண்ட் கேட்டுக்கொண்டார், முடிவைத் தானே எடுத்தார்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1940 நவம்பரில் அட்லான்டிக்கில் 'அட்மிரல் ஷீர்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் ஒரு கான்வாய்க்குள் புகுந்தபோது, சரக்குக் கப்பல்கள் நாலாபக்கமும் சிதறியதால்தான் பெரும்பாலானவை பிழைத்தன. ஆனால், அது பரந்த அட்லான்டிக். அன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு பக்கம் பனிச்சுவர், மறுபக்கம் விமானத்தளங்கள். இருட்டும் கிடையாது. சிதறி ஓட இடம் எங்கே?

இன்னொரு விபரீதமும் நடந்தது. கடற்படை மொழியில் 'பிரிந்து போவது' வேறு, 'சிதறுவது' வேறு. பிரிவது என்றால் வரிசையை விட்டு அவரவர் வேகத்தில் போவது. சிதறுவது என்றால் விசிறிபோல நாலாபக்கமும் ஓடுவது. இரண்டாவது செய்தியில் இருந்த சொல்லைத் திருத்தத்தான் மூன்றாவது செய்தியே அனுப்பப்பட்டது. ஆனால், அது 'மிக மிக அவசரம்' என்ற முத்திரையோடு வந்தது. கடலில் இருந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? டிர்பிட்ஸ் இதோ தொடுவானத்தில் தெரியப்போகிறது என்றே நினைத்தார்கள்.

ப்ரூம் தன் ஆறு நாசகாரிக் கப்பல்களையும் அழைத்துக்கொண்டு க்ரூசர்களோடு சேரப் போனார். பயந்து அல்ல, டிர்பிட்ஸோடு சண்டை வரப்போகிறது என்று நம்பி. கூடவந்த நீர்மூழ்கி ஒன்றின் கேப்டன், எதிரி வந்தால் முடிந்தவரை நீரின் மேற்பரப்பிலேயே இருக்க உத்தேசம் என்று செய்தி அனுப்ப, ப்ரூம் சொன்ன பதில்... தன் உத்தேசமும் அதுதான்! சாவு எதிரே நிற்பதாக நம்பிய நேரத்திலும் அந்தக் கிண்டல்.

மணிக்கணக்காகியும் டிர்பிட்ஸ் வரவில்லை. பின்னால் விட்டுவந்த சரக்குக் கப்பல்களின் அபாய அழைப்புகள்தான் ரேடியோவில் வரத் தொடங்கின.

வெள்ளை பெயின்ட் அடித்த வக்கீல்

அடுத்த சில நாள்களில் நீர்மூழ்கிகளும் விமானங்களும் கப்பல்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மூழ்கடித்தன. ஜூலை 5-ம் தேதி டிர்பிட்ஸ் ஒருவழியாக வெளியே வந்தது. ஆனால், வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று அன்று மாலையே திரும்ப அழைக்கப்பட்டது. ஒரு குண்டுகூடச் சுடாமல் ஒரு கான்வாயையே அழித்த பெருமை அதற்கு!

இந்த அழிவுக்கு நடுவே லியோ கிராட்வெல் என்பவரின் கதை தனி. அவர் தொழில்முறைக் கடற்படைக்காரர் அல்ல, வக்கீல். போருக்காகக் கடற்படையில் சேர்ந்தவர். அவரிடம் இருந்தது 'அயர்ஷயர்' என்ற சின்ன மீன்பிடிக் கப்பல், அதில் பீரங்கி பொருத்திப் போருக்கு அனுப்பியிருந்தார்கள். உத்தரவைக் கேட்டதும் கப்பல்கள் நாலாபக்கமும் ஓட, இவர் மூன்று சரக்குக் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு நேராகப் பனிக்குள் நுழைந்தார்.

மூன்றில் ஒன்றான 'ட்ரூபடூர்' கப்பலில் வெள்ளை பெயின்ட் இருந்தது. நான்கு கப்பல்களின் ஒரு பக்கத்துக்கும் வெள்ளை அடித்தார்கள். பெயின்ட் போதாத இடங்களில் படுக்கை விரிப்புகளையும் மேஜைத் துணிகளையும் விரித்தார்கள். மேல்தளத்தில் கட்டப்பட்டிருந்த டாங்கிகளின் பூட்டை உடைத்து, பீரங்கிகளில் குண்டு போட்டுத் தயாராக வைத்தார்கள். ரஷ்யாவுக்குக் கொடுக்க வேண்டிய சரக்குதான். அதற்காக, சும்மா நின்று சாக முடியுமா? மேலே பறந்த ஜெர்மன் விமானங்களுக்குப் பனி மட்டுமே தெரிந்தது. கையில் ஒரு செக்ஸ்டன்ட், ஓர் அட்லஸ்... அதை வைத்தே வழி கண்டுபிடித்து, நோவயா ஸெம்லியா தீவு வழியாக மூன்று கப்பல்களையும் பத்திரமாக ஆர்க்கேஞ்சல் கொண்டுபோய்ச் சேர்த்தார் கிராட்வெல். பதக்கம் கிடைத்தது. போர் முடிந்து லண்டனில் மாஜிஸ்ட்ரேட் ஆனார்.

மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. திறந்த படகுகளில் நாள்கணக்கில் மிதந்தார்கள். சில நீர்மூழ்கிகள் மேலே வந்து, கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயின. நோவயா ஸெம்லியாவில் ஒதுங்கியவர்கள் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்று பிழைத்தார்கள். உறைபனியில் மரத்துப்போன கால்களை ஆர்க்கேஞ்சல் மருத்துவமனையில் இழந்தவர்களும் உண்டு.

இவர்கள் ராணுவத்தினர் அல்ல, கூலிக்குக் கப்பலோட்டியவர்கள். 1941 மே வரை, கப்பல் மூழ்கினால் அந்த நிமிடத்தோடு பிரிட்டிஷ் மாலுமியின் சம்பளம் நின்றுவிடும். படகில் உயிருக்குப் போராடும் நாள்கள் கணக்கில் வராது. 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தார்கள். வெள்ளைக்காரர் வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதிதான் அவர்களுக்கு.

மிச்சம்

24 கப்பல்கள் மூழ்கின. சரக்குக் கப்பல்கள் 22, கூடவந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று, மீட்புக் கப்பல் ஒன்று. இதில் ஒன்றாக இருந்தபோது போனவை 3, சிதறிய பிறகு போனவை 21. 153 மாலுமிகள் இறந்தார்கள். 430 டாங்கிகள், 210 விமானங்கள், 3,350 வாகனங்கள் கடலுக்கடியில். கரை சேர்ந்த சரக்குக் கப்பல்கள் 11.

கான்வாயின் கமடோர் ஜான் டவுடிங்கின் கப்பலும் மூழ்கியது. மீட்கப்பட்டு ஆர்க்கேஞ்சல் சேர்ந்தவர், ஓய்வெடுக்காமல் சிறு காவல் கப்பல்களோடு மறுபடி கடலுக்குப் போய், தீவுக்கரைகளில் ஒளிந்திருந்த கப்பல்களைத் தேடிக் கூட்டிவந்தார். செப்டம்பரில் ஊர் திரும்பும் கான்வாய்க்கும் அவரே கமடோர். அந்தக் கப்பலையும் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அப்போதும் பிழைத்தார்.

பவுண்ட் 1943 அக்டோபரில் இறந்துவிட்டார். பழி நெடுநாள் ப்ரூமைச் சுற்றியே வந்தது. 1968-ல் டேவிட் இர்விங் எழுதிய புத்தகம் அவர்மீது குற்றம்சாட்ட, ப்ரூம் அவதூறு வழக்கு போட்டார். 1970-ல் 40,000 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

ஆர்க்டிக் கடலில் போன மாலுமிகளுக்கென்று பிரிட்டிஷ் அரசு தனிப் பதக்கம் கொடுத்தது 2013-ல். போர் முடிந்து 68 ஆண்டுகள் கழித்து. வாங்கிக்கொள்ள வந்தவர்களில் பலர் 90 வயதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள்.